வேரைப் பார்த்து உரம் போடுங்கள்: செம்பனைக்கும் கொல்லைப் பயிருக்கும் முழுமையான வழிகாட்டி

ஜொகூரில் ரெங்கம், லாயாங்-லாயாங், குளுவாங் பக்கம் தோட்டத்தை விட்டு வெளியே வந்த பல குடும்பங்களுக்கு இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மிளகாய், கத்தரி, வெண்டை, வாழை, முருங்கை இருக்கிறது. உரக்கடையில் கேட்கும் புலம்பலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "மூட்டை மூட்டையாகப் போட்டேன், மட்டை இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது." பெரும்பாலும் உரத்தில் குறை இருக்காது. அதைத் தின்ன வேண்டிய வேர் வேறிடத்தில் இருக்கும், அல்லது தின்ன முடியாத நிலையில் இருக்கும். எனவே உரத்தை வாங்கும் முன் வேரைப் பார்க்க வேண்டும். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முந்தைய படி முடியாமல் அடுத்ததைச் செய்தால் பணம்தான் வீண்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

மண்வெட்டி, கூரான பாராங் கத்தி, 60 செ.மீ. நீளமுள்ள விரல் கனத்துக்கும் மெல்லிய இரும்புக் கம்பி, அளவு நாடா, கைத் தெளிப்பான், பழைய பெயிண்ட் பிரஷ், ஒரு வெள்ளைத் தட்டு. தட்டு வெள்ளையாக இருப்பது முக்கியம். உயிருள்ள வேர் நுனியின் நிறம் கறுப்பு மண்ணிலோ பச்சை வாளியிலோ தெரியாது.

மண்ணின் புளிப்பு அளவைப் பார்க்க பி.எச். தாள் ஒரு கட்டு வாங்குங்கள். சோதனைக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதுவே அளவை மாற்றும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் போதும்.

உரம் அளக்க எல்லாரும் பால் டின்னைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு உரத்தையும் ஒரு தடவை தராசில் வைத்து நிறுத்து, டின்னுக்கு எத்தனை கிராம் என்று எழுதி வையுங்கள். ஒரே டின்னில் யூரியாவைவிட ராக் பாஸ்பேட் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை பிடிக்கும். "மரத்துக்கு ஒரு டின்" என்று எல்லா உரத்தையும் ஒரே கணக்கில் போடுவது இதனால்தான் தப்பிப் போகிறது.

குழி வெட்டும் நாளையும் இப்போதே தீர்மானியுங்கள். மழை பெய்த மறுநாள் நல்லது. காய்ந்த மண்ணில் மெல்லிய வேர் ஒடிந்து காணாமல் போகும். சேற்றில் எதுவும் தெரியாது.

2. எந்த வேர் தின்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கனமான வேர் மரத்தைப் பிடித்து நிறுத்தும், தண்ணீரையும் சத்தையும் கடத்தும். சத்தை உறிஞ்சுவது நுனிகளும் மிக மெல்லிய கிளை வேர்களும்தான். இவற்றை ஊட்டு வேர் என்போம்.

செம்பனைக்கு ஆணி வேர் நிலைக்காது. அடிக்கட்டையிலிருந்து 5 முதல் 10 மி.மீ. கனமுள்ள முதல் வேர்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பும். அவற்றிலிருந்து இரண்டாம் வேர், அதிலிருந்து மூன்றாம் வேர், கடைசியில் அரை மி.மீ. கனம்கூட இல்லாத நான்காம் வேர். அந்த நான்காம் வேர் இரண்டு மூன்று செ.மீ. நீளம்தான் இருக்கும். மரம் தின்பது பெரும்பாலும் அதனால்தான். மிளகாய், சோளம், பயற்றங்காய் ஆகியவற்றின் வேர் நுனிக்குப் பின்னால் மெல்லிய வேர்த்தூவி இருக்கும். செம்பனைக்கு அது கிடையாது. அந்த வேலையையும் நான்காம் வேரும், வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையும்தான் செய்கின்றன. ஆகவே நான்காம் வேர் எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கேதான் செம்பனைக்கு உரம் வைக்க வேண்டும்.

சத்துகளும் மண்ணில் ஒரே மாதிரி நடப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறிய பின் தண்ணீரோடு எளிதாக ஓடும். வேர் தண்ணீரை இழுக்கும்போது கூடவே வரும். பெருமழையில் வேரைத் தாண்டிக் கீழேயும் போய்விடும். சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) மக்னீசியமும் பெரும்பாலும் தண்ணீரோடு வருபவையே.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) அப்படியல்ல. போட்ட இடத்திலிருந்து சில மில்லிமீட்டர்தான் நகரும். நமது செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். மணிச்சத்து வேரிடம் வராது, வேர்தான் அதனிடம் போக வேண்டும். கிளை வேர் அதிகமுள்ள பயிர் மணிச்சத்தை எளிதாக எடுப்பது இதனால்தான்.

சாம்பல் சத்து (பொட்டாசியம்) இரண்டுக்கும் நடுவில். களிமண்ணில் மெதுவாக நகரும், மணல் கலந்த மண்ணில் மழையோடு கரைந்து போகும்.

சுண்ணாம்புச்சத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அது பெரும்பாலும் இளம் வேர் நுனி வழியாகத்தான் உள்ளே போகும். வேர் முதிர்ந்தால் உள்ளே ஒரு மெழுகுத் தடுப்பு உருவாகி அந்த வழி அடைபட்டுவிடும். நுனி கருகிய மிளகாய்ச் செடியில் காயின் அடி அழுகுவது இதனால்தான். மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் நுனி இல்லாவிட்டால் பயனில்லை.

3. குழி வெட்டி வேரைப் பாருங்கள்

செம்பனையில் மூன்று இடங்களில் சிறு குழி வெட்டுங்கள்: மரத்தைச் சுற்றிக் களை எடுத்துச் சுத்தம் செய்த வட்டத்தின் உள்ளே அடிமரத்திலிருந்து 1 மீட்டரில் ஒன்று, வட்டத்தின் ஓரத்தில் 2 மீட்டரில் ஒன்று, வெட்டிய மட்டைகளை அடுக்கிய வரிசைக்கு அடியில் ஒன்று. ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம். அதற்கு மேல் ஆழம் வேண்டாம். ஊட்டு வேரில் பெரும்பங்கு மேல் 30 செ.மீ.யிலேயே இருக்கும். ஒரு ஏக்கருக்கு இரண்டு மரம் போதும், ஒன்று நல்ல மரம், ஒன்று மஞ்சள் மரம். நல்ல மரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் எது குறை என்றே தெரியாது.

குழியின் ஒரு சுவரைப் பாராங் கத்தியால் நேராகச் சீவுங்கள். கைத் தெளிப்பானால் மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். மண் கரைந்து வேர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிரஷால் தட்டிவிட்டு, மேலிருந்து 10 செ.மீ., 20 செ.மீ., 30 செ.மீ. என்று ஒவ்வோர் அடுக்கிலும் மெல்லிய வேர் எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வெள்ளைத் தட்டில் அலசுங்கள்.

பெரும்பாலானோர் இங்கேதான் வியந்து போவார்கள். ஆண்டுக்கணக்கில் உரம் கொட்டிய அடிமரத்துப் பக்கம் கனத்த வேரும் இறுகிய மண்ணும் இருக்கும். யாரும் உரம் போடாத மட்டை அடுக்கின் அடியில், பாதி மக்கிய இலைக்குள்ளேயே புகுந்து, செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய வேர் வலைப்பின்னலாகப் படர்ந்திருக்கும். அங்கே ஈரம் நிற்கும், மண் பொலபொலப்பாக இருக்கும், அறுவடைக்காரர் காலடி படாது.

கொல்லையில் மிளகாய், கத்தரிக்கு ஒரு செடியைத் தியாகம் செய்யத்தான் வேண்டும். தண்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி வெட்டி, பக்கவாட்டில் மண்ணோடு தூக்குங்கள். பிடுங்காதீர்கள். பிடுங்கினால் ஊட்டு வேர் முழுவதும் மண்ணிலேயே நின்றுவிடும், கையில் வருவது குச்சிதான். தூக்கிய மண்கட்டியை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, குலுக்காமல் மேலே எடுங்கள்.

வாழைக்குக் குழி வேண்டாம். அதன் வேர் மேலாகவே ஓடும். தண்டிலிருந்து அரை மீட்டரில் கையால் மண்ணை விலக்கினாலே தெரியும்.

4. வேர் காட்டும் அறிகுறிகள்

வெள்ளை அல்லது இளமஞ்சள் நுனி: வேர் வளர்கிறது, உரம் கொடுக்கலாம். செம்பனையின் முதிர்ந்த வேர் பழுப்பாகத்தான் இருக்கும், அதைச் செத்த வேர் என்று நினைக்காதீர்கள். விரலில் அழுத்தினால் மேல்தோல் உறைபோலக் கழன்று நடு நரம்பு மட்டும் நின்றால் அது செத்த வேர்.

நுனி கட்டையாகத் தடித்து, கிளை வேரே இல்லாமல் இருந்தால் மண் கடும் புளிப்பு. புளிப்பு மண்ணில் கரையும் அலுமினியம் நுனியின் வளர்ச்சியை நிறுத்துகிறது. மணிச்சத்துக் குறையாகவே இலையில் தெரியும், ஆனால் காரணம் மண்ணின் புளிப்பு.

வேர் கீழே போய் ஒரு மட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால் அங்கே இறுகிய மண். கம்பியைச் செருகிப் பாருங்கள், அதே ஆழத்தில் நிற்கும். லோரி திரும்பும் இடத்திலும் டிராக்டர் ஓடும் பாதையிலும் இது சகஜம்.

கறுத்து, முட்டை அழுகிய நாற்றம் வந்தால் தண்ணீர் தேங்குகிறது. சத்தை உறிஞ்ச வேருக்கு மூச்சு வேண்டும். காற்றில்லாத மண்ணில் எவ்வளவு உரம் கரைந்திருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. செம்பனையில் சில வேர்கள் மேல்நோக்கி வந்து வெளிறிய நுனியை நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் காற்றைத் தேடும் அறிகுறிதான்.

வேரில் உருண்டைகள் இருந்தால் அவசரப்பட வேண்டாம், எந்தப் பயிர் என்று பாருங்கள். பயற்றங்காய், கச்சான் வேரில் உருண்டை இருப்பது நல்லது. நகத்தால் தள்ளினால் தனியாகக் கழன்று வரும். இரண்டாகக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் அங்கே வேலை செய்கிறது. உள்ளே பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. மிளகாய், கத்தரி, வெண்டை, தக்காளி வேரில் முடிச்சு இருந்தால் அது நூற்புழு. அந்த முடிச்சைக் கழற்ற முடியாது, வேரே வீங்கியிருக்கும். அந்தச் செடிக்கு உரம் ஏற்றிப் பயனில்லை. பிடுங்கி எரித்துவிட்டு, அதே பாத்தியில் சில மாதம் செண்டுப்பூ நடுங்கள். கத்தரி இனமும் வெண்டையும் வேண்டாம்.

செம்பனையில் இன்னொரு எச்சரிக்கை. மூன்றுக்கு மேற்பட்ட குருத்துகள் விரியாமல் ஈட்டியாக நிற்கின்றனவா, அடிமரத்தில் காளான் தட்டு முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கனோடெர்மா அடித்தண்டு அழுகல். வேரும் அடிக்கட்டையும் உள்ளே அழுகுவதால்தான் மட்டை மஞ்சளாகிறது. அந்த மரத்துக்குப் போடும் உரம் முழுவதும் நட்டம். பக்கத்து மரங்களுக்குப் பரவுவதைத் தடுக்கும் வழியைத்தான் பார்க்க வேண்டும். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் அதிகாரிகள் சிறு தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

5. உரத்துக்கு முன் மண்ணைச் சரி செய்யுங்கள்

வரிசை: முதலில் தண்ணீர், அடுத்து இறுக்கம், கடைசியில் புளிப்பு. இதைத் திருப்பிச் செய்தால் போட்ட சுண்ணாம்பு தேங்கிய தண்ணீரோடு போய்விடும்.

தண்ணீர்: தாழ்வான நிலத்தில் நிலத்தடி நீர் 50 முதல் 70 செ.மீ. ஆழத்தில் நிற்கும்படி வாய்க்கால் எடுத்தால் செம்பனைக்குப் போதும். நிறைய ஆழமாக வெட்டுவதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள். கடலோர நிலத்தில் கீழே கந்தகம் கலந்த களி இருக்கும். காற்றுப் பட்டால் அது அமிலமாகி வேரையே எரிக்கும். வெட்டிப் போட்ட மண்ணில் வைக்கோல் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். வீட்டுக் கொல்லையில் பாத்தியை 20 முதல் 30 செ.மீ. உயர்த்துவது போதும். நவம்பர், டிசம்பர் மழையில் ஜொகூரில் உயரம் இல்லாத பாத்தி நிற்காது.

இறுக்கம்: கொல்லையில் முள் மண்வெட்டியை 30 செ.மீ. ஆழம் குத்தி அசைத்துவிடுங்கள். மண்ணைப் புரட்டாதீர்கள். புரட்டினால் மேல் மண் கீழே போய், அலுமினியம் நிறைந்த அடிமண் மேலே வரும். நாற்றின் முதல் வேர் அதில்தான் மாட்டும். செம்பனையில் எதையும் குத்த வேண்டாம். பழம் உதிர்த்த வெறும் குலை மில்லில் கிடைத்தால் வரிசைகளுக்கு நடுவில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அதற்கடியில் மண் தானாக இளகி, புதிய ஊட்டு வேர் ஏறி வரும். குவியலாகக் கொட்டாதீர்கள், காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

புளிப்பு: ஒரு பங்கு காய்ந்த மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வடிநீர் கலந்து, கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு பி.எச். தாளை நனையுங்கள். ரெங்கம் மண் என்று மண் வரைபடத்தில் ஊர்ப் பெயரோடு இருப்பது கருங்கல் மக்கி உருவான மண். ஆழமானது, தண்ணீர் வடியும், ஆனால் புளிப்பானது. உரம் போடாத இடத்தில் 4.5 பக்கம் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். செம்பனை அந்த அளவைத் தாங்கும், அதற்குச் சுண்ணாம்பு வேண்டியதில்லை. காய்கறிக்கு 5.5 முதல் 6.5 வேண்டும்.

கொல்லைக்கு ஜி.எம்.எல். என்று விற்கும் மக்னீசியச் சுண்ணாம்புத் தூள் நல்லது, சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் தூவி, மேல் 15 செ.மீ. மண்ணோடு கலந்து, இரண்டு மூன்று வாரம் விட்டு நடுங்கள். மேலாகத் தூவிவிட்டு நடந்தால் பயனில்லை. சுண்ணாம்பு மண்ணில் மெதுவாகத்தான் இறங்கும், வேர் இருப்பதோ கீழே. சுண்ணாம்பு போட்ட அன்றே கோழி எரு, யூரியா, அமோனியம் சல்பேட் எதையும் போடாதீர்கள். தழைச்சத்து அமோனியா ஆவியாகப் பறந்துவிடும். மூக்கில் நெடி அடித்தால் காசு பறக்கிறது என்று பொருள். அளவுக்கு மீறியும் போடாதீர்கள். மண் நடுநிலையைத் தாண்டினால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் புது இலை நரம்பு பச்சையாகவும் நடுவில் வெளிறியும் வரும்.

6. செம்பனைக்கு உரம் வைக்கும் இடம்

நட்ட முதல் மூன்று ஆண்டுகளில் வேர் மட்டை விரியும் அளவுக்குத்தான் போயிருக்கும். அடிமரத்தை ஒட்டாமல், ஒரு சாண் தள்ளித் தொடங்கி, மட்டை நுனியின் நிழல் விழும் வட்டம் வரை பரவலாகத் தூவுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்குங்கள். முதலாண்டு அளந்த தூரத்தையே மூன்றாம் ஆண்டும் பயன்படுத்தினால் உரம் கனத்த வேரின் மேல்தான் விழும், ஊட்டு வேர் அதற்குள் வெளியே போயிருக்கும்.

மரம் வளர்ந்து, 9 மீட்டர் முக்கோண நடவில் மட்டைகள் ஒன்றையொன்று தொடும் நிலைக்கு வந்த பின் வேரும் நிலம் முழுவதும் கலந்துவிடும். அப்போது வட்டத்தின் உள்ளே போடுவது தவறு. அறுவடைக்காரர் காலடியில் அது இறுகி, புல்லும் இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். சரிவில் ஒரு மழை பெய்தால் உரம் அப்படியே வாய்க்காலுக்குப் போகும். வட்டத்தின் ஓரத்திலிருந்து மட்டை அடுக்கு வரை தூவுங்கள்.

எந்த உரம் எங்கே என்பதும் மாறும்.

மணிச்சத்து தரும் ராக் பாஸ்பேட்டை மட்டை அடுக்கின் மேலேயே போடலாம். மெல்லிய வேர் அங்கேதான் அதிகம். மக்கும் இலைக்குள் இருப்பதால் மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பிடிப்பது குறையும். ராக் பாஸ்பேட் கரைய மண் புளிப்பாக இருக்க வேண்டும், அதனால் அதே இடத்தில் சுண்ணாம்பு தூவிவிடாதீர்கள்.

யூரியாவை மட்டை மேல் போடவே கூடாது. மக்கும் இலையில் உள்ள நொதி அதை வேகமாக அமோனியாவாக்கிப் பறக்கவிடும். ஈரமான வெறும் மண்ணில் போடுங்கள், அன்று மாலையே சிறு மழை வந்தால் நல்லது. வெயில் காலமானால் அமோனியம் சல்பேட்டே நம்பகமானது. அது மண்ணைப் புளிப்பாக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், ஆண்டுக்கணக்கில் ஒரே வட்டத்துக்குள் கொட்டினால் அங்கே வேர் நுனி கெட்டுவிடும்.

சாம்பல் சத்து தரும் எம்.ஓ.பி. என்னும் பொட்டாஷை எவ்வளவு பரப்ப முடியுமோ அவ்வளவு பரப்புங்கள். குவியலாக விழுந்தால் உப்பு வேர் நுனியைக் கருக்கும். இந்த மண் சத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைந்தது, ஒரே இடத்தில் கொட்டியது அடியில் இறங்கிவிடும். பொட்டாஷ் அதிகமானால் மக்னீசியம் உள்ளே போவது குறையும். பழைய மட்டையில் வெயில் படும் இலை மட்டும் மஞ்சளாகி, மேல் மட்டையின் நிழல் படும் பகுதி பச்சையாக நின்றால் அது மக்னீசியக் குறை. அதற்குக் கீசரைட் என்னும் மக்னீசிய உரத்தைத் தனிச் சுற்றில், பொட்டாஷுக்குச் சில வாரம் இடைவெளி விட்டுக் கொடுங்கள்.

போரான் சத்து தரும் போரேட் மரத்துக்கு ஆண்டுக்கு 50 முதல் 100 கிராம்தான். மட்டைக் கக்கத்திலோ அடிமரத்துக்குப் பக்கத்து மண்ணிலோ போடலாம். புது இலை நுனி கொக்கியாக மடங்கினால் இது குறைகிறது என்று பொருள். மற்ற உரத்தோடு டின் கணக்கில் போட்டுவிடாதீர்கள், அளவு மீறினால் நஞ்சு.

மற்ற உரங்களின் ஆண்டு அளவை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். வளர்ந்த மரத்தில், முழுதாக விரிந்த புது மட்டையை 1 என்று எண்ணி வரும் 17ஆம் மட்டையின் இலையை ஆய்வுக்கு அனுப்பினால் எந்தச் சத்து உண்மையில் உள்ளே போயிருக்கிறது என்று தெரியும். மண் ஆய்வு மண்ணில் இருப்பதைச் சொல்லும், இலை ஆய்வு வேர் எடுத்ததைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் குறை வேரில்தான், மேலே 4ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

7. கொல்லைப் பயிர்கள்

மிளகாய், கத்தரி, தக்காளி: விதையிலிருந்து ஆணி வேர் போகும், ஆனால் நாற்று பிடுங்கி நடும்போது நுனி அறுந்து பக்க வேர் பெருகும். அதில் நட்டமில்லை. நட்டம் வருவது வேர் மடிந்து நட்டால். குழி ஆழம் குறைந்து, வேர் மேல்நோக்கி வளைந்து புதைந்தால் அந்தச் செடி காய்க்கும் காலத்தில் வெயிலில் துவளும். நடும் குழியின் அடியில் 10 முதல் 15 கிராம் டி.எஸ்.பி. என்னும் மணிச்சத்து உரத்தைப் போட்டு மண்ணோடு கலந்து, மேலே 5 செ.மீ. வெறும் மண் இட்டு, அதன்மேல் நடுங்கள். மணிச்சத்து நகராது என்பதால் பின்னால் மேலே தூவினால் வேருக்குப் போய்ச் சேராது, இப்போதே கீழே இருக்க வேண்டும். வேர் பிடித்து, இரண்டு வாரம் கழித்து நீல உரம் எனப்படும் 12:12:17:2ஐ (தழை, மணி, சாம்பல், மக்னீசியச் சத்து என்ற வரிசையில்) செடிக்கு 10 கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, இலை நுனி விழும் வட்டத்தில் மெல்லிய கோடாகப் போட்டு மூடுங்கள். பூத்த பின் 15 கிராமாக்கலாம். தண்டில் ஒட்டிப் போடாதீர்கள்.

வெண்டை: ஆணி வேர் ஆழம் போகும், நாற்று மாற்றுவதைத் தாங்காது. விதையை இரவு ஊறவைத்து நேராகப் பாத்தியில் ஊன்றுங்கள்.

பயற்றங்காய்: தொடக்கத்தில் மட்டும் சிறிது தழைச்சத்து. தொடர்ந்து கொடுத்தால் வேர் உருண்டை கட்டாது, கொடி மட்டும் தழைக்கும். மணிச்சத்தைக் குறைக்காதீர்கள், உருண்டைக்கு அது வேண்டும்.

வாழை: வேர் கனமானது, கிளை குறைவு, மேல் 30 முதல் 40 செ.மீ.யில்தான் பெரும்பங்கு. கொத்தி உரம் போடுவதே வாழையில் செய்யும் பெரிய தவறு. ஒரு கொத்தில் அறுபடும் வேர் மறுபடி வளர வாரங்கள் ஆகும், அதற்குள் குலை போடும் பருவம் வந்துவிடும். தண்டிலிருந்து 30 முதல் 60 செ.மீ. தள்ளி, அடுத்துக் காய்க்க விட்ட பக்கக் கன்று நிற்கும் பக்கம் அரைவட்டமாகத் தூவி, வெட்டிய வாழை இலையாலேயே மூடுங்கள். தாய்மரம் குலை தள்ளிய பின் புது வேர் கன்றிலிருந்துதான் கிளம்பும். வாழைக்குச் சாம்பல் சத்துப் பசி அதிகம், அதனால் பச்சை உரமான 15:15:15ஐவிட நீல உரம் பொருந்தும்.

மரவள்ளி: வேர் மிகச் சொற்பம். இருந்தும் புளிப்பு மண்ணில் நன்றாக வருவது வேரோடு ஒட்டும் பூஞ்சை அதற்காக மணிச்சத்தைத் தேடித் தருவதால்தான். அந்தப் பாத்தியில் பூஞ்சைக்கொல்லியை மண்ணில் ஊற்றாதீர்கள்.

முருங்கை, பப்பாளி, டுரியான் கன்றுகளைப் பாலிபேக்கிலிருந்து எடுக்கும்போது அடிப்பகுதியைப் பாருங்கள். வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்தச் சுற்றைக் கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள். வெட்டாவிட்டால் மண்ணுக்குள்ளும் அந்த வட்டத்திலேயே சுற்றும், வெளியே உள்ள உரத்துக்கு வராது. பப்பாளி வேர் மென்மையானது, அதில் சுற்று விழும் முன்பே சிறு வயதில் நட்டுவிடுவது மேல்.

8. நேரம்

மண் ஈரமாக இருக்கும்போதே போடுங்கள். காய்ந்த மண்ணில் உரம் கரையாது, சத்து வேரை நோக்கி நகரத் தண்ணீர்ப் படலம் வேண்டும். சாம்பல் சத்தும் மணிச்சத்தும் வறட்சியில்தான் முதலில் தடைபடும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் மட்டை ஓரம் காய்வதைப் பார்த்து உடனே பொட்டாஷ் கொட்டுவது பலரும் செய்வது. முதல் நல்ல மழைக்குக் காத்திருங்கள்.

பெருமழை மாதத்திலும் வேண்டாம். நவம்பர் கடைசியில் போட்ட தழைச்சத்து வேருக்குக் கீழே போய்விடும். ஆண்டு அளவை இரண்டாக, முடிந்தால் மூன்றாகப் பிரித்து, ஏப்ரல், ஜூலை, செப்டம்பர் என்று வையுங்கள். மண் மணலாக இருந்தால் தவணை கூடட்டும், அளவு கூட வேண்டாம்.

களைக்கொல்லி அடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்து உரம் போடுவது நல்லது. களை உயிரோடு இருக்கும்போது போட்டால் அதன் அடர்ந்த மேல் வேர்தான் முதலில் தின்னும். அதற்காக நிலத்தையே மொட்டையாக்காதீர்கள். வட்டமும் அறுவடைப் பாதையும் சுத்தமாக இருந்தால் போதும், நடுவில் உள்ள மென்மையான புல்லும் பன்னமும் மண்ணைப் பிடித்து வைக்கும்.

9. மறுபடி தோண்டிப் பார்ப்பது

கொல்லைப் பயிருக்கு மூன்று வாரம், செம்பனைக்கு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். பழைய குழியையே திறக்காதீர்கள். வெட்டுப்பட்ட இடத்தில் வேர் எப்படியும் அதிகமாகக் கிளைக்கும், அது உரத்தின் பலன் என்று ஏமாந்துவிடுவீர்கள். அரை மீட்டர் தள்ளி, அதே தூரத்தில், அதே ஆழத்தில் புதிதாக வெட்டுங்கள். வெள்ளை நுனி கூடியிருக்கிறதா, எந்த அடுக்கில் கூடியிருக்கிறது என்று பாருங்கள். உரம் விழுந்த இடத்தில் கூடியிருந்தால் இடம் சரி. நுனி கருகியிருந்தால் ஒரே இடத்தில் அதிகம் விழுந்திருக்கிறது, அடுத்த தடவை அளவைக் குறைக்காமல் பரப்பைக் கூட்டுங்கள்.

வெட்டிய குழியை அன்றே மூடுங்கள், அடிமண் அடியிலும் மேல்மண் மேலேயும் வருமாறு. செம்பனையில் புது மட்டையின் நிறம் சில மாதங்களில் தேறும், ஆனால் குலை கூடுவதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். பூ ஆணா பெண்ணா என்பது அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பே மரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. ஆறு மாதத்தில் எடை கூடவில்லை என்று உரத்தை நிறுத்திவிட்டு, மறுபடி அடிமரத்தில் கொட்டத் தொடங்குபவர்கள்தான் அதிகம். மர எண், குழி வெட்டிய தேதி, தூரம், எந்த உரம், எத்தனை கிராம், நுனியின் நிறம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். துனாஸ் அதிகாரி வரும்போது முதலில் கேட்பதும் இந்தக் கணக்கையாகத்தான் இருக்கும்.